எட்டுத் துண்டு, ஒரு மணி நேரம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் நான் சொல்வது பாதி காதில் விழாமல் போய், நடுவில் "இப்ப யாரு வீட்ல இருக்கா, யாரு ஆத்தங்கரையில இருக்கா" என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு தடவைதான் சொல்ல வரும்.

எங்கள் கரைப் பக்கத்தில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நின்றால்தான் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வோம். அதனால் துணி காயவைக்கிற டிரையர் இல்லாத வீடு இங்கே அடுப்பு இல்லாத வீடு மாதிரி. ஹோக்கிடிக்கா ஊருக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டி இருக்கிற நெவில் வீட்டிலும் ஒரு டிரையர் இருந்தது. அதற்குப் பதினெட்டு வயசு. மனுஷ வயசில் எண்பது. ஓடினால் சிமெண்டுத் தரையில் யாரோ இரும்புக் கட்டிலை இழுக்கிற மாதிரி கத்தும். ஒரு மணி நேரத்தில் காய வேண்டிய துணிக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

நெவிலுக்கு அறுபத்தாறு. மர மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆள் கதவு உயரம், கை மண்வெட்டி அகலம். அவனுக்கு இரண்டு பெருமை உண்டு. ஒன்று, நாற்பது வருஷமாக அந்த வீட்டு வாசலை எந்த மெக்கானிக்கும் மிதித்ததில்லை. வேலி கட்டுகிற கம்பி ஒரு சுருள் இருந்தால் உலகத்தில் எதையும் சரி பண்ணலாம் என்பான். அவன் வீட்டு டோஸ்டர், ரேடியோ, கோழிக்கூடு எல்லாம் அந்தக் கம்பியில்தான் உயிர் வைத்திருந்தன.

இரண்டாவது பெருமை, ஆற்றோரத்து மேடை. எங்கள் பக்கம் வசந்தம் செப்டம்பரில் வரும்; வந்தால் கடலிலிருந்து பொடிமீன் ஆற்றுக்குள் ஏறும். விரல் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, கண் மட்டும் கறுப்பு. அதைப் பிடிக்க ஆற்றுக்குள் நீட்டி ஒரு பலகை மேடை கட்டி, பெரிய வலையை இறக்கி வைத்து, கடல் தண்ணீர் பொங்கி ஆற்றுக்குள் வருகிற ஏற்றத்துக்குக் காத்துக்கொண்டு நிற்பார்கள். செப்டம்பர் ஒன்று தொடங்கி அக்டோபர் முப்பது வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு நாள் வலை நனைந்தாலும் குற்றம். வருஷத்தில் மிச்சம் பத்து மாசமும் எங்கள் ஆண்கள் அந்த இரண்டு மாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் "ஒரு வேளைக்கு ஆச்சு" என்பதுதான் பதில். அரைக் கிண்ணம் கிடைத்தவனும் அதையேதான் சொல்வான், தொட்டி நிறைய அள்ளினவனும் அதையேதான் சொல்வான். அதற்கு மேல் கேட்கிறவனோடு சாப்பிட உட்கார மாட்டோம்.

முப்பத்தெட்டு வருஷமாக நெவில் அந்த மேடையில் நின்றான். அவன் மனைவி கிளெனிஸ் ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயும் கட்டிக் கொடுத்தாள். மேடை கிளெனிஸின் அப்பா விட்டுப் போனது, லைசென்ஸ் கிளெனிஸ் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் நெவிலுக்கு மறந்தே போயிருந்தது. கிளெனிஸ் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு அந்த ஜூனில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். அங்கே இருக்கிற டிரையர்களுக்குள் ஒரு கன்றுக்குட்டியை நிற்க வைக்கலாம். இது பேச்சுவாக்கில் வந்தது, விடுங்கள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று. சாயங்காலச் சாப்பாடு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு. உள்ளே சலவை அறையில் டிரையர் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தது.

"நெவ், நாளைக்கு மேடைக்கு நான் போறேன்," என்றாள் கிளெனிஸ்.

"வாயேன். ரெண்டு நாற்காலிக்கு இடம் இருக்கு."

"வரேன்னு சொல்லல. போறேன்னு சொன்னேன். நீ வீட்ல இருக்கே."

நெவில் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "யாரு சொன்னது?"

"எங்கப்பா. லைசென்ஸ்ல எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு."

"முப்பத்தெட்டு வருஷமா நான்தானே அங்க நிக்கிறேன்."

"அதான் சொல்றேன். கால் வலிக்கும், கொஞ்சம் உக்காரு."

"ஏற்றம் எப்ப வருது, மீன் எந்தப் பக்கமா ஏறுது, இதெல்லாம் உனக்கு என்ன தெரியும்? தண்ணிக்கு அடியில வெள்ளைப் பலகையைப் போட்டு, அது மேல நிழல் ஓடுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ணு அசையக் கூடாது."

"அந்தப் பலகைக்கு வருஷா வருஷம் வெள்ளை அடிச்சுக் குடுத்தது யாரு?"

நெவில் உருளைக்கிழங்கை வெட்டினான். வெட்டினதையே மறுபடி வெட்டினான். உள்ளே டிரையர் ஒரு நீளக் கத்து கத்திவிட்டு நின்றது. கிளெனிஸ் எழுந்து போய் ஒரு துண்டை எடுத்து வந்து அவன் முன்னால் போட்டாள். ஈரம்.

"இதைப் பாக்கறேன்னு ஈஸ்டர்ல சொன்னே."

"பாப்பேன். அது ஒரு மணி நேர வேலை."

"ஒரு மணி நேரமா?"

"கண்ணைக் கட்டிக்கிட்டுப் பண்ணா ஒன்றரை."

கிளெனிஸ் ஈரத் துண்டை மறுபடி கையில் எடுத்தாள். "சரி, ஒரு பேச்சு வச்சுக்குவோம். எட்டுத் துண்டு. ஒரு மணி நேரம். எடுத்து என் கன்னத்துல வச்சா ஈரம் தெரியக் கூடாது. என்னிக்கு அந்த மெஷின் அதைச் செய்யுதோ, அன்னிக்கே சாவியை உன் கையில குடுத்துடறேன். மேடை உன்னோடது. அதுவரைக்கும் நான் நிக்கிறேன். நீ மெஷினைப் பாரு, வீட்டைப் பாரு."

ஆற்றுக்குப் போகிற பாதையில் ஒரு கேட் உண்டு. அந்தக் கேட்டின் சாவி முப்பத்தெட்டு வருஷமாகச் சமையலறை ஆணியில் தொங்கியது. அன்றைக்கு அது கிளெனிஸ் கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கியதை நெவில் அப்போதுதான் பார்த்தான்.

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். காலையில் எட்டு மணிக்கு மெஷினைத் திறந்தால் ஒன்பதுக்கு மூடிவிடலாம். பத்து மணிக்குத் துண்டு காய்ந்துவிடும். மத்தியான ஏற்றத்துக்கு மேடையில் நிற்கலாம். பெண்டாட்டி ஒரு காலை வேளை குளிரில் நின்று பார்த்தால் ஆசை தானே விட்டுப்போகும். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினான். கை குலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கிளெனிஸ் பின் வராந்தாவில் குனிந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்ட ரொம்ப நேரம் பிடித்தது. வயசாகிறது, இதில் மேடைக்கு வேறு போகிறாள் என்று நெவில் நினைத்துக்கொண்டான்.

"என்னோட சாம்பல் கலர் கம்பளிச் சாக்ஸ்ல ஒண்ணு மட்டும்தான் இருக்கு. இன்னொண்ணு எங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"எங்கயாவது சூடா இருக்கும். தேடு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

நெவில் மெஷினின் முதுகைக் கழற்றினான். உள்ளே டிரம்மைக் கையால் அசைத்தான். ஆடியது. சரி, பேரிங் தேய்ந்துபோச்சு. டிரம்மைச் சுற்றுகிற பெல்ட் பாம்புச் சட்டை மாதிரி பளபளத்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. டிரம் விளிம்பில் காற்று கசியாமல் இருக்க ஒரு கம்பளிப் பட்டை இருக்கும்; அது வழுக்கை விழுந்து கிடந்தது. நெவிலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வியாதி தெரிந்துவிட்டால் வைத்தியம் என்ன பெரிசு.

பேரிங்குக்கு சமையலறையிலிருந்த பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகையை எடுத்து, அறுத்து, இழைத்து, கச்சிதமாக ஒரு வளையம் பண்ணினான். கம்பளிப் பட்டைக்குத் தன் பழைய தொப்பியை வெட்டினான். பெல்ட்டுக்கு என்ன செய்வது. ஒரு காலத்தில் மாடு கறந்த பழைய கொட்டகையில் கிடந்த ரப்பர் குழாயை நீளவாக்கில் அரிந்து, இரண்டு முனையையும் வேலிக் கம்பியால் தைத்தான். ஓட விட்டான். நாலு நிமிஷம் அருமையாக ஓடியது. ஐந்தாவது நிமிஷம் ரப்பர் சூட்டில் இளகி, மிட்டாய் மாதிரி நீண்டு, கம்பி பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் குத்தி நின்றது. இன்றைக்கும் அந்த ஓட்டை இருக்கிறது. மழை ஒழுகும்.

மத்தியான ஏற்றம் வந்தது, போனது. நெவில் டவுனுக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தான். போட்டான். டிரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. கட்டில் இழுக்கிற சத்தம் போயே போச்சு. எட்டு ஈரத் துண்டைப் போட்டு, முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் ஆனது.

கிளெனிஸ் வந்தாள். முகமெல்லாம் காற்றடித்துச் சிவந்திருந்தது. கையில் மூடி போட்ட வாளி. ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"ஈரம்."

"சத்தம் நின்னுடுச்சு பாத்தியா?"

"சத்தம் போடாம ஈரமா இருக்கு."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பொடிமீன் அடை. முட்டையில் போட்டு, வெண்ணெயில் பொரித்து, வெள்ளை ரொட்டிக்கு நடுவில் வைத்தது. மாவு கிடையாது. மாவு கலக்கிறது எங்களுக்கு வடக்கே இருக்கிற ஊர்க்காரர்கள் பழக்கம். நெவில் நாலு தின்றான். எவ்வளவு கிடைத்தது என்று கேட்க நாக்கு வரை வந்தது.

"என்ன, பரவால்லையா இன்னிக்கு?" என்று சுற்றி வளைத்துக் கேட்டான்.

"ஒரு வேளைக்கு ஆச்சு," என்றாள் கிளெனிஸ்.

முதல் வாரம் போனது. அடுத்து நெவில் சூடு உண்டாக்குகிற காயிலைச் சோதித்தான். மீட்டர் வைத்துப் பார்த்தால் நல்லாயிருந்தது. நல்லாயிருந்தாலும் மாற்றினான். தெர்மோஸ்டாட் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'டிக்' என்று சூட்டை நிறுத்தியது. அது கெட்டுவிட்டது என்று தீர்மானித்துப் புதுசு போட்டான். புதுசும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'டிக்' என்றது. அதுவும் கெட்டது என்று தீர்மானித்தான். சலவை அறைச் சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. மழைக்காலம் என்றான்.

பக்கத்து வீட்டு ரெவிக்கு நெவிலைவிடப் பத்து வயசு குறைவு. ஆற்றில் அவன் மேடை கிளெனிஸ் மேடைக்கு அடுத்தது. தினமும் திரும்பிப் போகும்போது சலவை அறை ஜன்னலில் தலையை விடுவான்.

"என்ன அண்ணே, ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"வேலை நடந்துட்டிருக்கு."

"ஆத்துல எல்லாரும் விசாரிக்கிறாங்க. நெவிலுக்கு உடம்பு சரியில்லையான்னு. மெஷினுக்குத்தான் சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கிளெனிஸ் எப்படி நிக்கிறா? வலையைச் சரியா இறக்குறாளா?"

"நிக்கிறாங்க," என்றான் ரெவி. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அவங்க அப்பா நிக்கிற மாதிரியே நிக்கிறாங்க."

"அவரு எப்படி நின்னாரு?"

"உங்களை மாதிரி இல்ல."

நெவில் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தான். ரெவி மெஷினை எட்டிப் பார்த்தான். "காத்து வெளிய போற குழாயைப் பாத்தீங்களா அண்ணே? எங்க வீட்டுல ஒரு தடவ அதுல பஞ்சு அடைச்சு..."

"ரெவி," என்றான் நெவில். "அந்தக் குழாயை ஆகஸ்டுல நானே கையை விட்டுச் சுத்தம் பண்ணேன். தோள்பட்டை வரைக்கும் விட்டேன். கிளெனிஸ்தான் டார்ச் பிடிச்சா. எனக்கே பாடம் சொல்றியா?"

"இல்ல அண்ணே. சும்மா கேட்டேன்."

மறுநாளிலிருந்து ரெவி குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. ஜன்னலில் தலையை விட்டு "என்ன அண்ணே" என்பான், உதட்டைக் கடித்துக்கொள்வான், போய்விடுவான்.

வீட்டுத் துணியெல்லாம் விறகு அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கியது. நெவிலின் சட்டையெல்லாம் புகை வாசனையும் பாதி ஈரமுமாக இருந்தது. கிளெனிஸின் துணி மட்டும் எப்படியோ மொறுமொறுவென்று இருந்தது. கேட்டால், ரெவி பெண்டாட்டி தன் டிரையரில் போட்டுத் தருகிறாள் என்றாள்.

"என்னுதையும் போடச் சொல்லலாமே," என்றான் நெவில்.

"மெஷின் சரி பண்றவர் வீட்டுத் துணியை அடுத்த வீட்டுல காய வச்சா ஊர் என்ன சொல்லும் நெவ்? உன் பேரு என்ன ஆகறது?"

அதுவும் சரிதான் என்று பட்டது அவனுக்கு.

செப்டம்பர் முடிந்தது. இப்போது நெவிலுக்கு ராத்திரியில் பொடிமீன் கனவு வந்தது. வெள்ளைப் பலகை மேல் கூட்டம் கூட்டமாக நிழல் ஓடுகிறது. வலையைத் தூக்கினால் உள்ளே எட்டுத் துண்டு. அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மெஷின் சரியாகாவிட்டால் என்ன, துண்டு காய்ந்தால் போதாதா. பேச்சு துண்டைப் பற்றித்தானே.

மறுநாள் கிளெனிஸ் கிளம்பினதும் விறகு அடுப்பில் வாய் நிறைய மானுக்கா மரக்கட்டையைப் போட்டு எரியவிட்டான். எட்டுத் துண்டையும் அடுப்பைச் சுற்றி நாற்காலியில் விரித்தான். நாலு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் போட்டான், ரொட்டி சுடுகிற மாதிரி. எலும்பு வரைக்கும் காய்ந்தன. அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் துண்டையெல்லாம் அள்ளி மெஷினுக்குள் திணித்து, ஓட விட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

"முடியப் போகுது," என்றான். "அம்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு."

கிளெனிஸ் மெஷினை நிறுத்தி ஒரு துண்டை எடுத்தாள். கன்னத்தில் வைத்தாள். நெவில் கை சாவிக்காக லேசாக நீண்டது.

"காஞ்சிருக்கு," என்றாள்.

"சொன்னேனே."

அவள் துண்டை மூக்குக்குக் கொண்டுபோனாள். "நெவ், இந்த மெஷின் கரண்டுல ஓடுதா, மானுக்கா விறகுல ஓடுதா?"

நெவில் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான்.

கிளெனிஸ் அடுத்த துண்டை விரித்துக் காட்டினாள். நடுவில் நாற்காலி முதுகுக் கம்பி மூன்று கோடாகப் பதிந்திருந்தது. அவள் எட்டையும் மறுபடி தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கூடையில் போட்டுவிட்டு அடை சுடப் போனாள். அன்றைக்கு நெவிலுக்கு ஐந்து அடை வைத்தாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் பதினெட்டாம் தேதி நெவில் அந்தக் காரியத்தைச் செய்தான். நாற்பது வருஷத்துப் பெருமையை அவனே தன் கையால் எடுத்துக் குப்பையில் போட்டான். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிரேமவுத்திலிருக்கிற பார்ட்லி என்ற மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"வண்டியை வாசல்ல நிறுத்தாதீங்க," என்றான். "வேலிக்குப் பின்னாடி விடுங்க. யாராவது கேட்டா ஆடு பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

"ஆடு வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

பார்ட்லி வந்தான். குள்ளமான, நிதானமான ஆள். மெஷினைத் திறந்து பார்த்தான். பிறகு டிரம்மை விரலால் தள்ளினான். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இந்த பேரிங் எங்க வாங்கினீங்க?"

"காய் நறுக்கற பலகை."

"இந்தப் பட்டை?"

"என் தொப்பி."

"கடையில புதுசா இருக்கிற மெஷின் கூட இப்படிச் சுத்தாது," என்றான் பார்ட்லி. நிஜமாகவே சொன்னான். நெவில் ஏழு வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றான். "வெளிச் சுவரை மட்டும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்," என்று பார்ட்லி கிளம்பினான்.

"குழாயா? அதை ஆகஸ்டுல நானே..."

"இருக்கட்டும். பழக்கம்."

நெவில் டீ போட்டான். தண்ணீர் கொதித்து, டீ இறங்கி, ஆறவும் ஆரம்பித்துவிட்டது. பார்ட்லி வரவில்லை. பின் வராந்தாப் பக்கம் யாரோ இருமுகிற மாதிரி சத்தம் கேட்டது. பிறகு அவன் உள்ளே வந்தான். வலது கைச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. முகம் சாவு வீட்டுக்குப் போகிறவன் முகம் மாதிரி கெட்டியாக இருந்தது.

"குழாய் எப்படி இருக்கு?" என்றான் நெவில்.

"குழாய் எப்படி இருக்கணும்னு வச்சிருக்காங்களோ, அப்படியே இருக்கு."

"நான் சொன்னேனே."

"சொன்னீங்க." பார்ட்லி டீயை ஒரே மடக்கில் குடித்தான். "பழைய மெஷின். இதுக்கு மேல நான் கை வைக்கிறது சரியில்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டாதீங்க. ஓடறப்ப பக்கத்துலயே உக்காந்திருங்க. விட்டுட்டு எங்கயும் போகாதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

பார்ட்லி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான். "இந்த மாசம் முடியற வரைக்கும்."

கூலி வேண்டாம் என்றுவிட்டான். நெவில் எவ்வளவோ வற்புறுத்தினான். கேட்கவில்லை. கதவு வரைக்கும் போனவன் திரும்பி, "வீட்டம்மா ஆத்துலதானே இருக்காங்க? அந்தப் பக்கமாத்தான் போறேன், ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்," என்றான்.

"நான் கூப்பிட்டேன்னு சொல்லிடாதீங்க."

"சேச்சே. ஆடு பாக்க வந்தேன்."

நல்ல மனுஷன் என்று நெவில் நினைத்தான். மெக்கானிக்குகளைப் பற்றி நாற்பது வருஷமாகத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட வருத்தப்பட்டான். அப்புறம் பார்ட்லி சொன்னபடியே ஒவ்வொரு நாளும் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு 'டிக்'. வெளியே ஏற்றம் வரும், போகும். எந்த நாள் எத்தனை மணிக்கு ஏற்றம் என்று அவனுக்கு மனப்பாடம். மெஷினைப் பார்த்துக்கொண்டே "இப்ப ஏறும்" என்பான். மெஷின் 'டிக்' என்னும்.

அக்டோபர் முப்பது. கடைசி நாள். பொழுது சாய்கிற நேரத்தில் ஆறு முழுக்க வலைகளைத் தூக்கிவிட்டார்கள். கிளெனிஸ் வலையைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். நேரே சலவை அறைக்கு வந்தாள்.

"ஒரு தடவ போட்டுப் பாப்போமா நெவ்?"

"வேண்டாம் கிளென். விடு. தோத்துட்டேன்."

"கடைசியா ஒரு தடவ."

எட்டு ஈரத் துண்டை அவளே உள்ளே போட்டாள். ஓட விடுவதற்கு முன்னால், "இரு, பூட்ஸைக் கழட்டிட்டு வரேன்," என்று பின் வராந்தாவுக்குப் போனாள். நெவில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பூட்ஸைக் கழற்றினாள். கழற்றினவள் அப்படியே குனிந்து, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். ஏதோ ஒன்றைப் பிடித்து, திருகி, வெளியே உருவினாள்.

சாம்பல் கலர் கம்பளிச் சாக்ஸ். ஒற்றை. உள்ளே கந்தல் துணி அடைத்துக் கொழுகொழுவென்று இருந்தது.

அதைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். மத்தியானம் மெஷின் ஓடின சூடு இன்னும் அதில் இருந்தது. வாயில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. பைக்குள் ஒரு சீட்டு. நெவில் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தான்.

"இதை உருவுகிற மெக்கானிக்குக்கு. தயவுசெய்து இருந்த இடத்திலேயே, இருந்தபடியே திரும்ப வைக்கவும். உங்களுக்கு இரண்டு பவுண்டு பொடிமீன் உண்டு. ஆற்று மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளவும். கிளெனிஸ்."

அதற்குக் கீழே பென்சிலில் வேறு ஒரு கையெழுத்து: "வைத்துவிட்டேன்."

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நெவில் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி முன்பக்கம் பார்த்தான்.

"இதை எப்ப எழுதினே?"

"ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. நீ தூங்கினப்புறம்."

"நான் மெக்கானிக்கைக் கூப்பிடுவேன்னு அப்பவே தெரியுமா உனக்கு?"

"அக்டோபர் பத்துக்குள்ள நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன். எட்டு நாள் கூடுதலாத் தாங்கினே. அதுக்காக உன்னைப் பாராட்டணும்."

"வீடு பத்திக்கிட்டு எரிஞ்சிருந்தா?"

"மூச்சு விட இடம் விட்டுத்தான் வச்சேன். முப்பது வருஷம் அந்த மெஷினுங்களோட குடும்பம் நடத்தினவ நான். ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா, நெவ்?"

நெவில் யோசித்துப் பார்த்தான். கேட்கவில்லை. பேரிங்குக்குக் கேட்கவில்லை, பெல்ட்டுக்குக் கேட்கவில்லை, காய் நறுக்குகிற பலகையை எடுக்கும்போதுகூடக் கேட்கவில்லை.

கிளெனிஸ் மெஷினை ஓட விட்டாள். இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள், அவன் ஸ்டூலில், அவள் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு. டிரம் பூனை மாதிரி முனகிக்கொண்டு சுற்றியது. ஒரு 'டிக்'கூட இல்லை. நாற்பத்தோராவது நிமிஷத்தில் அவள் நிறுத்தி, ஒரு துண்டை எடுத்து, இந்தத் தடவை அவன் கன்னத்தில் வைத்தாள்.

"ஈரம் இருக்கா?"

"இல்ல," என்றான் நெவில். அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவன் போட்ட பேரிங், அவன் தொப்பி. "நல்லாக் காஞ்சிருக்கு." பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும், இரண்டு மாசமாக அடக்கினது வாயில் வந்துவிட்டது. "கிளென், மொத்தமா எவ்வளவு பிடிச்சே?"

"ஒரு வேளைக்கு ஆச்சு," என்றாள் கிளெனிஸ்.

சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அக்டோபர் முப்பதைப் பென்சிலால் அடித்தாள். எட்டுத் துண்டையும் மடித்தாள். அப்புறம் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, கேட்டுச் சாவியை அவன் கழுத்தில் மாட்டி, நெஞ்சுக்கு நேராகத் தொங்கும்படி நேர் பண்ணிவிட்டாள்.

"நான் சொன்ன சொல் மாறமாட்டேன் நெவ். நாளையிலேர்ந்து மேடை உன்னோடது."